65 இன்ச் ஆசை: வாசகர் கேள்வி-பதில்

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அன்றிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி டிவி கடிதங்கள்தான். மிக்சி, மெத்தைக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: கையில் 35 ஆயிரம். பேர்பெற்ற கம்பெனியில் 43 இன்ச் வருகிறது. அதிகம் கேள்விப்படாத பிராண்டில் 55 இன்ச் வருகிறது. சோபாவிலிருந்து சுவர் எட்டடி. எதை எடுப்பது? (திருப்பூர்)

ப: எட்டடிக்கு 43 சின்னதுதான். 55-க்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை, படத்தின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். ஆனால் அதே விலைக்குப் பன்னிரண்டு இன்ச் அதிகம் தருகிறான் என்றால் அந்தக் காசை வேறெங்கோ மிச்சம் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம். பேக்லைட்டின் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) வெளிச்சம், ஸ்பீக்கர், உள்ளே இருக்கும் மெமரி, சர்வீஸ் ஆட்கள். பெரும்பாலும் இந்த நாலில்தான் கை வைப்பார்கள்.

முதல் மூன்றைச் சமாளித்துக்கொள்ளலாம். ஜன்னலுக்குத் திரை போடுங்கள். கை ஓடும்போது ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள். மூன்று வருஷம் கழித்து டிவி மந்தமானால் சில ஆயிரம் ரூபாயில், ஆப்களை ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் மறுபடி ஓடும். நாலாவதுக்குத்தான் மாற்று இல்லை. வாங்குவதற்கு முன்பே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, உங்கள் பின்கோடைச் சொல்லி, ரிப்பேர் என்றால் எந்த ஊரிலிருந்து ஆள் வருவார் என்று கேளுங்கள். திருப்பூர், கோயம்புத்தூர் என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் வாயில் வந்தால் 55. "கம்ப்ளெயின்ட் போடுங்க சார், பார்க்கலாம்" என்று வந்தால் 43.

அப்புறம், வீட்டில் என்ன பார்க்கிறீர்கள் என்று எழுதவேயில்லை. கேபிளில் சாதா எஸ்டி பாக்ஸ்தான் என்றால் முதலில் அதை எச்டிக்கு மாற்றுங்கள். 576 வரிப் படத்தை 2160 வரித் திரைக்கு இழுத்தால் சீரியல் மாமியார் முகத்தில் மெழுகு பூசின மாதிரிதான் இருக்கும். அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவியில் அதே சேனல் இதைவிட நன்றாகத் தெரிந்தது.

கே: மூன்றாவது மாடி ஃபிளாட். 75 இன்ச் ஆஃபரில் வருகிறது. வாங்கிவிடலாமா? (சென்னை)

ப: லிஃப்டை அளந்தீர்களா? பெட்டி ஏறக்குறைய ஆறடி நீளம், அதைப் படுக்கப்போட்டும் தூக்கக் கூடாது.

கே: ஷோரூமில் பளிச்சென்று இருந்த டிவி வீட்டில் மங்கலாக இருக்கிறது. பெட்டியில் எச்டிஆர், 120 ஹெர்ட்ஸ், கியூஎல்இடி எல்லாம் போட்டிருக்கிறது. வேறு டிவியை அனுப்பிவிட்டார்களா? (சேலம்)

ப: அநேகமாக இல்லை, அதே டிவிதான். கடையில் 'ஸ்டோர் மோட்' என்று ஒன்றில் வைத்திருப்பார்கள், வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். அதில் ஓடும் படமும் அதற்கென்றே எடுத்தது: நறுக்கின ஆரஞ்சு, கலர் மீன், கறுப்புப் பின்னணியில் பூ. உங்கள் வீட்டில் மின்சிக்கனப் பயன்முறை ஓடிக்கொண்டிருக்கும். செட்டிங்கில் போய் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், பாதி மங்கல் போகும். மீதிப் பாதி போகாது. ஏன் போகாது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.

எச்டிஆர் என்றால் படத்தில் சூரியன் வந்தால் கண் கூசவேண்டும். அதற்கு டிவிக்கு வெளிச்சம் வேண்டும், அந்த வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். எச்டிஆர் படங்களைப் பொதுவாக 1,000 நிட்ஸை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். மலிவு விலைப் பெரிய டிவிகள் பலவும் 250 முதல் 350 நிட்ஸுக்குள். பெட்டியில் இருக்கும் லோகோவுக்கு, அந்த சிக்னல் வந்தால் டிவிக்குப் புரியும் என்று மட்டும்தான் பொருள். கல்யாணப் பத்திரிகையைப் படிக்கத் தெரியும், பந்தியில் இலை கிடையாது.

120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 படம், இன்னொரு கூத்து. உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனல், நடுநடுவே சாஃப்ட்வேர் தானாக ஒரு படத்தைச் செருகும், அதற்கு ஏதோ ஒரு 'மோஷன்' பெயர் வைத்து 120 என்று அச்சடிப்பார்கள். சிலர் பாதி வரிகளைக் கைவிட்டு 120 காட்டுகிறார்கள். 'நேட்டிவ்' 120-ஆ, அதாவது பேனலே 120-ஆ என்று கேட்கவேண்டும். நான் கேட்கவில்லை. இந்த எண்ணுக்காக ஆறாயிரம் கூடக் கொடுத்து ஒரு டிவி வாங்கி, ஒரு வருஷம் கழித்து மெனுவைத் துழாவியபோது 60 என்று இருந்ததைப் பார்த்தவன் நான். கியூஎல்இடியும் எல்சிடிதான், நடுவில் நிறத்தைக் கூட்டும் ஒரு படலம் சேர்கிறது, நிறம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஓஎல்இடிக்குப் பேக்லைட்டே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அது வேறு சாதி, வேறு விலை. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஆளைக் கவிழ்ப்பதற்கே வைத்த பெயரோ என்று எனக்குச் சந்தேகம்.

சீலிங் ஃபேன் பெட்டியில் எவ்வளவு காற்று தள்ளும் என்று போடுகிறான். ஃபிரிட்ஜில் எத்தனை லிட்டர் என்று போடுகிறான். வெளிச்சத்துக்காகவே வாங்கும் ஒரு பொருளின் பெட்டியில் வெளிச்சம் எவ்வளவு என்று தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. கேட்டால் சேல்ஸ் பையன் "ஃபுல் பிரைட் சார்" என்பான். அவனைத் திட்டிப் பயனில்லை, அவனுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தடவை ஒரு பென்டிரைவில் இருட்டுக் காட்சி இருக்கும் வீடியோவை ஏற்றிக்கொண்டு போங்கள். ஸ்டோர் மோடை அணைக்கச் சொல்லுங்கள். நேராக நின்று பாருங்கள், அப்புறம் பக்கவாட்டில் நாலடி தள்ளி நின்று பாருங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா, ஓரத்தில் நிறம் வெளுக்கிறதா, அங்கேயே தெரிந்துவிடும்.

கே: பில் வேண்டாம் என்றால் மூவாயிரம் குறைக்கிறேன் என்றார்கள். சரி என்றேன். எட்டாவது மாதம் படம் போய்விட்டது, சத்தம் மட்டும் வருகிறது. கடைக்காரர் தெரியவே தெரியாது என்கிறார். (விருதுநகர்)

ப: மூவாயிரத்துக்கு வாரண்டியை அவரிடமே விற்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். 'சரி என்றேன்' என்று எவ்வளவு சுலபமாக எழுதுகிறீர்கள்! பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தால் அந்த ரசீதை எடுத்து வையுங்கள், வாங்கியதற்கு அதுவும் ஒரு சாட்சி.

டிவியை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்து, டிவியைப் போட்டு, திரை மேல் டார்ச்சை ஒட்டி அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் பிழைத்திருக்கிறது, பேக்லைட் பக்கம்தான் கோளாறு. உள்ளே இருக்கும் எல்இடி பட்டைகளை உள்ளூர் மெக்கானிக் மாற்றிவிடுவார், புதுப் பேனலோடு ஒப்பிட்டால் செலவு கொஞ்சம்தான். போனது ஒன்று என்றாலும் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பிறகு பேக்லைட்டை 100-இல் வைக்காமல் 60, 70-க்கு இறக்குங்கள். சூட்டில்தான் அவை சாகின்றன.

கே: அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் ஆன்லைனில் 65 இன்ச் வாங்கினோம். டெலிவரிக்காரர் அவசரப்படுத்தியதால் ஓடிபி கொடுத்துவிட்டேன். 'எங்கள் டெக்னீசியன் மட்டுமே திறக்கவேண்டும்' என்று பெட்டியில் எழுதியிருந்தது, திறக்கவில்லை. நாலாம் நாள் அவர் வந்து போட்டால் திரைக்குள் சிலந்தி வலை மாதிரி விரிசல். உடைசலுக்கு வாரண்டி இல்லை என்கிறது கம்பெனி. கம்பெனியைக் கேளுங்கள் என்கிறது விற்ற தளம். (ராமநாதபுரம்)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லைம்மா. திறக்காதே என்று ஒருத்தர், திறந்து பார்க்காமல் ஏன் வாங்கினாய் என்று இன்னொருத்தர். நடுவில் உடைந்த பெட்டியோடு நீங்கள். நானும் ஒரு தடவை இப்படி ஓடிபியைச் சொல்லிவிட்டு வாசலில் நின்றிருக்கிறேன், என்னுடையது வாஷிங் மெஷின்.

இன்றே செய்யவேண்டியது: டெக்னீசியன் எழுதிய ஜாப் ஷீட்டின் நகல், பெட்டியின் ஆறு பக்கத்துக்கும் படம், முனை நசுங்கியிருந்தால் கிட்டத்தில் ஒரு படம். பெட்டியையும் தெர்மகோலையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். விற்றவரின் பெயர், முகவரியையும் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். கூடவே 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். சில புகார்கள் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முடியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். விற்றவரையும் தயாரித்தவரையும் தளத்தையும் மூவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள், ஒருவரை இன்னொருவர் கைகாட்ட முடியாது. என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

மற்றவர்களுக்கு: திரை உடைந்தது விளக்கெரியாமல் சில சமயம் கண்ணுக்கே தெரியாது. 'ஓபன் டெலிவரி' (பெட்டியை உங்கள் முன்னால் பிரித்துக் காட்டிவிட்டுக் கொடுப்பது) இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் டெக்னீசியன் வரும் நாளைத் திருப்பித் தரும் கெடுவுக்குள் பிடியுங்கள், அவர் பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுங்கள்.

கே: எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா? (கடலூர்)

ப: பேனலும் சேர்த்தி என்று எழுத்தில் இருந்தால் எடுக்கலாம்.

கே: இடிக்குப் பயந்து ஸ்டெபிலைசர் வாங்கவேண்டுமா? (நாகர்கோவில்)

ப: இடிக்கு ஸ்டெபிலைசர் நிற்காது. பிளக்கைப் பிடுங்குங்கள். டிஷ்ஷிலிருந்து வரும் வயரையும் கழற்றுங்கள், பலர் வீட்டில் அந்த வழியாகத்தான் வருகிறது.

கே: 65 இன்ச்சுக்கு வீட்டில் இருக்கும் நாலடி ஸ்டாண்ட் போதுமா? (தஞ்சாவூர்)

ப: டிவியின் அகலமே ஏறக்குறைய நாலே முக்கால் அடி. அதைவிட முக்கியம், பெரிய டிவிகளில் பலவற்றுக்கு நடுவில் கால் இருப்பதில்லை, இரண்டு ஓரத்திலும் இருக்கும். கால்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை வாங்குவதற்கு முன் கேட்டு, டேப் வைத்து அளந்து பாருங்கள். நான் திரையை அளந்தேன், ஹாலை அளந்தேன், காலை அளக்கவில்லை. ஸ்டாண்ட் மேல் ஒரு பிளைவுட் பலகை போட்டு, அது ஆடாமல் இருக்க ஒரு மூலையில் மடித்த செய்தித்தாளைச் செருகி நிற்கவைத்தேன். மூன்று வருஷமாகிறது, செய்தித்தாளை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்.