அத்திப்பழத்தில் பிறந்த ஈரல்: 'இகதோ' பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஸ்பானிய மொழியில் கல்லீரல் 'இகதோ', அத்திப்பழம் 'இகோ'. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கல்லீரலுக்குப் பழைய லத்தீன் சொல் 'யெக்குர்'. ரோமானியர்கள் வாத்துக்கு அத்திப்பழம் ஊட்டி ஈரலைக் கொழுக்க வைத்தார்கள். ரோமானியக் கவிஞர் ஹொராஸின் விருந்துக் கவிதையிலேயே அது வருகிறது. பன்றிக்கும் அதைச் செய்தவர் உணவுப் பிரியர் அப்பிசியுஸ் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. உலர்ந்த அத்தியைத் தின்னக் கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள், பிறகு தேன் கலந்த ஒயினைக் குடிக்க வைத்துச் சட்டென்று கொன்றுவிடுவார்கள். அந்த ஈரல் 'யெக்குர் ஃபீக்காத்தும்', அதாவது அத்தியூட்டிய ஈரல். கிரேக்கர்கள் அதே பொருளில் சொன்ன 'சூகோத்தோன்' என்பதைப் பார்த்து வைத்த பெயர். காலப்போக்கில் 'யெக்குர்' உதிர்ந்து, அடைமொழியே மனித ஈரலுக்கும் பெயராகிவிட்டது. பிரெஞ்சு 'ஃபுவா', ருமேனிய 'ஃபிகாத்' எல்லாம் இதே சொல்தான்.

கேள்வி: 'ஃபீ' எப்படி 'இ' ஆனது?

பதில்: சொல் முதலில் வரும் ஃப, ஸ்பானியத்தில் முதலில் ஹ ஆகி, பிறகு ஒலிக்காமலே போனது, எழுத்து மட்டும் நிற்கிறது. 'ஃபாரீனா' (மாவு) 'அரினா' ஆனதும் இப்படித்தான். 'ஃபுவேகோ' (நெருப்பு) போல 'உவே' தொடரும் இடத்தில் ஃப தங்கிவிட்டது. உயிர்களுக்கு நடுவே வல்லின க, த இரண்டும் மெலிந்தன.

கேள்வி: லத்தீன் விதிப்படி, கடைசிக்கு முந்தைய அசை நெடிலானால் அழுத்தம் அதில், குறிலானால் அதற்கும் முந்தைய அசையில். அப்படியானால் 'ஃபீக்காத்தும்' சொல்லில் அழுத்தம் 'கா'வில் அல்லவா விழ வேண்டும்?

பதில்: சரியான மறுப்பு. அழுத்தம் அங்கேயே நின்றிருந்தால், 'அமாத்தும்' 'அமாதோ' ஆனதுபோல 'இகாதோ' என்றுதான் வந்திருக்கும். ருமேனியம் பழைய அழுத்தத்தைக் காத்தது. ஸ்பானியமும் இத்தாலியமும் முதலசைக்கு மாறின. கிரேக்கச் சொல்லின் தாக்கம் என்பது வழக்கமான விளக்கம்.

கேள்வி: கிரேக்கத்திலும் அழுத்தம் கடைசி அசையில்தானே? விளக்கம் நிற்காதே!

பதில்: நிற்கும். பல அசைச் சொல்லின் கடைசியில் லத்தீன் அழுத்தம் வைக்காது. 'சூகோத்தோன்' நடுவிலுள்ள 'கோ'வைக் குறிலாகக் கேட்டிருந்தால், லத்தீன் விதியே அழுத்தத்தை முதலசைக்குத் தள்ளிவிடும்.

கேள்வி: 'இகதோ' நம் 'ஈரல்' தானே?

பதில்: இல்லை. ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. ஸ்பானிய 'மூச்சோ'வும் ஆங்கில 'மச்'சும் பொருளிலும் ஒலியிலும் ஒத்தவை, ஆனால் வேர் வேறு.

கேள்வி: ஈரலைக் குறிக்கும் சமஸ்கிருத 'யக்ருத்'?

பதில்: அது 'யெக்குர்' சொல்லின் உறவு, 'இகதோ'வின் உறவு அல்ல. 'யக்ருத்' வேற்றுமை ஏற்கும்போது 'யக்னஸ்' ஆகும், 'யெக்குர்' 'யெக்கினோரிஸ்' ஆகும். இரண்டிலும் ர, ன மாறி வருகின்றன. கிரேக்க 'ஹேபர்', பாரசீக 'ஜிகர்' இரண்டும் இந்தக் குடும்பமே.

கேள்வி: 'ஈரல்' ஏன் இல்லை என்கிறீர்கள்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ஒலிமாற்ற விதியைக் காட்டுங்கள், பேசலாம்.

கேள்வி: அத்திக்கான லத்தீன் சொல் 'ஃபீக்குஸ்' எங்கிருந்து வந்தது?

பதில்: லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாம் சேர்ந்த இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் வேர் அல்ல. மத்தியதரைக் கடலோரத்தின் பழைய மொழி ஒன்றிலிருந்து மரத்தோடு வந்த சொல் என்பதே பெரும்பாலோர் கருத்து. காய்ப்பருவ அத்தியைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'பகா'வை இதோடு ஒப்பிடுவார்கள்.