வார்த்தைக்கு 15 பைசா: மகளின் எழுத்துக்கு எவ்வளவு கேட்பது?

வணக்கம் அம்மா. பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் ராத்திரி ஒரு மணிவரை லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்து ஒரு நிறுவனத்துக்குக் கட்டுரை எழுதுகிறாள், மாதக் கடைசியில் மூவாயிரம் ரூபாய்தான் வருகிறது, இதை நிறுத்திவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஆனால் வார்த்தைக்கு 15 பைசா என்ற ரேட்டுக்கு இனி ஒரு கட்டுரைகூட எழுத வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் வார்த்தைக் கட்டுரைக்கு விவரம் சேர்க்க ஒன்றரை மணி நேரம், எழுத இரண்டு மணி, பிழை பார்க்க ஒரு மணி, அவர்கள் திருப்பி அனுப்பும் திருத்தத்துக்கு அரை மணி. ஐந்து மணி நேர வேலைக்கு 150 ரூபாய், அதாவது மணிக்கு 30 ரூபாய். சாப்பாடு, கரண்ட், வைஃபை எல்லாம் உங்கள் செலவாக இருப்பதால்தான் அவளால் இதைத் தாக்குப்பிடிக்க முடிகிறது. அந்த நிறுவனத்துக்கு நீங்கள் மாதாமாதம் மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, எவ்வளவு கேட்கலாம்? படிப்பு முடிந்து இதையே முழுநேர வேலையாகச் செய்தால் மாதம் 20,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையம், கரண்ட், லேப்டாப் தேய்மானம் என்று 3,000. மாதத்துக்கு 200 மணி நேரம் உழைத்தாலும் பாதி நேரம் வேலை தேடுவதிலும், மெயில் அனுப்புவதிலும், பில் போடுவதிலும் போய்விடும். பணம் தரும் நேரம் 100 மணிதான். 23,000-ஐ 100-ஆல் வகுத்தால் மணிக்கு 230 ரூபாய். ஐந்து மணி நேரக் கட்டுரைக்கு 1,150, வார்த்தைக்கு ஒரு ரூபாய் 15 பைசா. அவள் எட்ட வேண்டிய ரேட் இது. புதிதாக எழுதுகிறவருக்கு முதல் நாளே இதைத் தர மாட்டார்கள் என்பது உண்மைதான். என் கருத்து, 60 பைசாவுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் ஒரு ரூபாயைத் தொட வேண்டும்.

அதற்கு வழி அவள் படிப்பிலேயே இருக்கிறது. முடி உதிர்வது ஏன், காலையில் என்ன சாப்பிடலாம் என்று எழுத ஆயிரம் பேர் உண்டு. ஜிஎஸ்டி, வருமான வரி, மருத்துவக் காப்பீடு பற்றிப் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் குறைவு. தப்பாக எழுதினால் கம்பெனிக்குச் சிக்கல் என்பதால் அங்கே கூடுதல் ரேட் கேட்க முடியும். வணிகவியல் மாணவி அந்தப் பக்கம் போகட்டும்.

அவள் தமிழிலும் எழுதுவதாகச் சொன்னீர்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் 'இன் தி ஹவுஸ்' மூன்று வார்த்தை, தமிழில் 'வீட்டில்' என்று ஒன்றாகிவிடும். அதே விஷயத்தைத் தமிழில் எழுதினால் வார்த்தை எண்ணிக்கை நன்றாகக் குறையும், உழைப்பு மட்டும் குறையாது. அதனால் மொழிபெயர்ப்புக்கு ஆங்கில மூலத்தின் வார்த்தைகளை எண்ணித்தான் பணம் கேட்க வேண்டும். நேரடித் தமிழ்க் கட்டுரைக்கு வார்த்தைக் கணக்கே வேண்டாம், கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசுவதே நல்லது. ஏஐ எழுதியதைச் சரிபார்த்தால் போதும், கால்வாசிப் பணம் தருகிறோம் என்று கேட்டு வருகிறவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசட்டும். தகவல் சரிபார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஃபைவர் போன்ற, எழுதுகிறவர்களையும் வேலை தருகிறவர்களையும் இணைக்கும் இணையதளம் வழியாக வேலை எடுத்தால் அவர்கள் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். கையில் ஆயிரம் வர வேண்டுமானால் 1,250 என்று விலை போட வேண்டும். வேலை தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று யாராவது கேட்டால் அது மோசடி. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ரேட்டைப் போலவே முக்கியம், அந்தப் பணத்துக்குள் என்னென்ன வேலை அடக்கம் என்பது. ஒரு தடவை திருத்தம் சேர்த்தி, இரண்டாவது தடவைக்குத் தனிப் பணம். மாதிரிக் கட்டுரையை இலவசமாகக் கேட்டால் ஏற்கெனவே எழுதியதை அனுப்பட்டும். புதுக் கிளையன்டிடம் பாதி அட்வான்ஸ். இதையெல்லாம் மெயிலில் எழுதியே வாங்க வேண்டும், போனில் பேசியது நிற்காது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் தனியாக எழுதித் தருகிறவரே பொதுவாக முதல் உரிமையாளர், உரிமை மாற்றம் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 'முழுத் தொகை வந்த பிறகே உரிமை உங்களுக்கு' என்று ஒரு வரி சேர்த்தால் பணத்தை இழுத்தடிப்பது குறையும்.

இன்னொன்று, உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஆதார், பான் இருந்தால் இலவசமாகச் செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவனச் சட்டம் பதிவு செய்த குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தப் பதிவெண்ணை பில்லில் போட்டாலே கணக்குப் பிரிவில் மரியாதை வரும். பணம் தரும்போதே வரிக்காக 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் பயப்பட வேண்டாம். அவள் வருமானத்துக்கு வரியே வராது, ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும்.

இந்த வாரமே அவள் இப்படி ஒரு மெயில் அனுப்பட்டும்: 'அடுத்த மாதம் முதல் ஆயிரம் வார்த்தைக் கட்டுரைக்கு என் கட்டணம் 600 ரூபாய். ஒரு திருத்தம் இதில் அடக்கம். கையில் உள்ள வேலையைப் பழைய ரேட்டிலேயே முடித்துத் தருகிறேன்.' கெஞ்சலும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். மறுத்தால் விலகட்டும். 600 ரூபாய்க்கு ஐந்து கட்டுரை எழுதினாலே இப்போதைய மூவாயிரம் வந்துவிடும், வேலை 25 மணி நேரம்தான். மிச்ச நேரத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கலாம். பருவத் தேர்வு முடியும்வரை வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.