உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்த பிறகு

கேள்வி: கொலை வழக்கு ஒன்றில் என் தம்பிக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையைச் சென்ற மாதம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் உறுதிசெய்துவிட்டது. நேரில் பார்த்த சாட்சி யாருமில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், அவன் காட்டிய இடத்தில் அரிவாள் கிடைத்தது என்பதுதான் வழக்கு. வக்கீலுக்குக் கொடுக்க இனிப் பணமில்லை. மறுபடி விசாரிக்கச் சொல்ல முடியுமா? நிரபராதி என்று தீர்ப்பானால் நஷ்டஈடு உண்டா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, மறுவிசாரணை என்ற எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு (மேல்முறையீட்டை ஏற்று விசாரிக்க அனுமதி கேட்கும் மனு) தாக்கல் செய்யும் வேலையை உடனே தொடங்குங்கள். அதற்குக் காலக்கெடு தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள்தான். சிறையில் இருப்பவருக்கு, வருமானம் எதுவானாலும், இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தருகிறது. எனவே தம்பி சிறை நிர்வாகத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம், நீங்கள் 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்த வழக்கில் சாட்சியங்களை மீண்டும் எடைபோட உச்ச நீதிமன்றம் எளிதில் முன்வராது. ஆகவே புதிய வழக்கறிஞரிடம் தம்பியின் நற்குணங்களைச் சொல்வதைவிட, வழக்குக் கட்டை முழுமையாகக் கொடுப்பதே பயன் தரும். போலீசாரிடம் அளித்த ஒப்புதல் செல்லாது என்பதால், கிராம நிர்வாக அலுவலர் முன் சரணடைந்து ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வழக்குகள் நம் மாநிலத்தில் நிறைய உண்டு. முன்பின் பழக்கமில்லாத ஒருவரைத் தேடிப்போய் யாராவது கொலையை ஒப்புக்கொள்வார்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்கப்பட்டதா? அரிவாளைக் கைப்பற்றியதை எழுதிய மகஜரில் (பறிமுதல் பதிவில்) கையெழுத்திட்டவரும் அதே அலுவலர்தானா? அரிவாள் எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்குப் போனது, அதிலிருந்த ரத்தத்தின் பிரிவு ஆய்வறிக்கையில் உறுதியானதா? முதல் தகவல் அறிக்கை தன் கைக்கு வந்த நேரத்தைக் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிலேயே குறித்திருப்பார். பதிவான நேரத்துக்கும் அதற்கும் இடையே விளக்கமில்லாத பல மணி நேரம் இருந்தால், அறிக்கை பிறகு எழுதப்பட்டிருக்கலாம் என்பதால், அதுவும் வலுவான வாதம்.

உச்ச நீதிமன்றமே தவறியதும் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் 2003இல் நடந்த கொலை வழக்கில், 2009இல் ஆறு பேருக்கு அது தூக்குத் தண்டனை விதித்தது. உயிர் தப்பிய பெண்மணி சம்பவத்துக்குப் பின் போலீசார் காட்டிய புகைப்படங்களில் அடையாளம் காட்டியது வேறு நால்வரை. அவர்கள் மீது விசாரணையே நடக்கவில்லை. சீராய்வு மனுவை (தன் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்யக் கோரும் மனுவை) மீண்டும் விசாரித்து, 2019 மார்ச்சில் ஆறு பேரையும் அதே நீதிமன்றம் விடுவித்தது. தலைக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கவும் உத்தரவிட்டது.

அந்தத் தொகை நீதிமன்றம் தன் விருப்புரிமையில் தந்தது. சட்டப்படி கேட்டுப் பெறக்கூடியதன்று. தவறான வழக்குகளுக்கு இழப்பீடு வழங்கத் தனிச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018ஆம் ஆண்டின் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. பிரிட்டனில் இத்தகைய தீர்ப்புகளை மறுஆய்வு செய்யவே 1997 முதல் தனி ஆணையம் இயங்குகிறது. நம்மிடம் அப்படியொன்று இல்லாதது, என் பார்வையில், பெரிய குறை. 2024 ஜூலை முதல் சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிய வேண்டும் என்பது சட்டமாகியிருக்கிறது. முறையாக நடந்தால் மகஜர் சாட்சியை மட்டும் நம்பியிருக்கும் நிலை குறையும், ஆனால் பழைய வழக்குகளுக்கு அது உதவாது.

மனுவோடு சேர்த்தே தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கோரலாம். தம்பி இதுவரை சிறையில் கழித்த காலத்துக்கான சான்றை இப்போதே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள்.