அடிக்கட்டையில் தொடங்குங்கள்

வாசகர் கேள்வி-பதில். சிறிய தொண்டு நிறுவனங்களின் அலுவலக வேலை பற்றி வாசகர்கள் கேட்டிருந்தவற்றுக்கு, விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையின் கணக்கையும் அலுவலகத்தையும் 19 வருடங்கள் பார்த்துக்கொண்ட அம்மா ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

நான்கு ஊர்களில் மாலைநேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். சம்பளத்துக்கு இரண்டு பேர், மற்றவர்கள் தன்னார்வலர்கள். நன்கொடை தருபவர்கள் 140 பேர். மே மாதம் வந்தால் நன்கொடைப் பட்டியல், சான்றிதழ் என்று வேறு வேலையே ஓடுவதில்லை. நண்பர் ஒருவர் 40,000 ரூபாய்க்கு மென்பொருள் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகி, தென்காசி

இப்போதைக்கு வாங்காதீர்கள் அம்மா. உங்கள் மே மாதத் தொல்லையின் வேர், போன வருடம் யாரோ அவசரமாகக் கிழித்துக் கொடுத்த ரசீதில் இருக்கிறது. மென்பொருள் அங்கே வந்து உதவாது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி பதிவுள்ள, அதாவது நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கும்படி பதிவு பெற்ற அறக்கட்டளைகள், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் பட்டியல் தர வேண்டும் என்று விதி வந்தது. கடைசி நாள் மே 31. பட்டியல் ஏற்றிய பிறகு சான்றிதழ்களை இறக்கி நன்கொடையாளர்களுக்குக் கொடுக்கவும் அதே தேதிதான் கெடு. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் என்று ஆடிட்டர் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரசீது புத்தகங்களை எடுத்து, ரசீதைக் கிழித்த பின் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டைகளைப் புரட்டினேன். 'பஸ் ஸ்டாண்டு மளிகைக்கடை அண்ணாச்சி - 3,000' என்று ஒன்றில் இருந்தது. இன்னொன்றில் 'டீச்சர் வீட்டுக்காரர்' என்று மட்டும். எந்த டீச்சர்? வங்கிக் கணக்கில் யுபிஐ வழியாக வந்த பணத்துக்கு எதிரே நீளமான எண்கள்தான் இருந்தன. ஒருவர் இறந்துபோயிருந்தார். அவர் மனைவியிடம் பான் எண் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

11 நாள் ஆனது. கோடை வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணும் என்னோடு உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள். வகுப்பு நடக்கவில்லை. வந்த பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இன்றைக்கு நினைத்தாலும் மனம் வலிக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு அந்தப் பூட்டிய கதவுதான் காரணம்.

அந்த ஜூனிலேயே புது ரசீது புத்தகம் அச்சடித்தோம். பெயர், முழு முகவரி, கைபேசி எண், பான் எண், தொகை, பணம் வந்த வழி என்று அடிக்கட்டையிலும் ரசீதிலும் கட்டம் போட்டோம். பான் இல்லை என்றால் ஆதார் எண். எல்லாக் கட்டமும் நிரம்பாமல் ரசீதைக் கிழிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். முதல் மாதம் தன்னார்வலர்கள் சங்கடப்பட்டார்கள். "காசு கொடுக்கிறவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா?" என்றார்கள். "உங்கள் வரிச் சலுகைக்கு இது வேண்டும்" என்று சொல்லிக் கேட்டுப் பார்த்ததும் யாரும் முகம் சுளிக்கவில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அதையும் ரசீது புத்தகத்தின் அட்டையிலேயே அச்சடித்துவிட்டோம். அப்புறம் அதை விளக்கும் வேலையும் மிச்சம்.

யுபிஐ பணத்துக்கு வேறு ஏற்பாடு. பணம் வந்த அன்றோ மறுநாளோ வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்து, அனுப்பியவர் யார் என்று குழுவில் கேட்டு, அவருக்கே போன் செய்து நன்றி சொல்வோம். அந்தப் பேச்சிலேயே விவரங்களை வாங்கிவிடலாம். பணம் அனுப்பிய மறுநாள் போன் வந்தால் யாருக்கும் சந்தோஷம்தான். பத்து மாதம் கழித்துக் கேட்டால் எரிச்சல்தான் வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, அந்த வாரத்து அடிக்கட்டைகளை எக்செலில் ஏற்றுவேன். ரசீதுக்கு ஒரு வரி. வருமான வரி இணையதளத்தில் இறக்கிக்கொள்ளும் மாதிரிக் கோப்பில் பத்திகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ, அதே வரிசையில் எங்கள் தாளையும் அமைத்துவிட்டேன். வாரம் 25 நிமிடம். மறு வருடம் பட்டியல் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. கோடை வகுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை.

140 பேருக்கு இது தாராளமாகப் போதும். ஒரு வருடம் இப்படி நடத்திப் பாருங்கள். அதன் பிறகும் மென்பொருள் தேவை என்று தோன்றினால், அதில் என்ன வேண்டும் என்று கடைக்காரரிடம் உங்களாலேயே சொல்ல முடியும்.

எங்கள் மையங்களிலிருந்து மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 விவரங்கள் எழுதி அனுப்பச் சொல்கிறார்கள். பாடம் நடத்தும் நேரம் இதில் போகிறது. எப்படிக் குறைப்பது?
- தன்னார்வ ஆசிரியர், ஈரோடு

தம்பி, இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். எங்கள் படிவத்தில் 23 கட்டங்கள் இருந்தன. உயரம், எடை, அப்பாவின் தொழில், வீட்டில் கழிப்பறை உண்டா என்பது வரை. ஒரு நாள் டிரஸ்டிகள் கூட்டத்தில் படிவத்தை நடுவில் வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: "போன வருடம் இதைப் பார்த்து நாம் என்ன முடிவு எடுத்தோம்?" ஐந்துக்குத்தான் பதில் இருந்தது. வருகை, வாசிப்பு நிலை, கணக்கு நிலை, தொடர்ந்து வராததற்குக் காரணம், பெற்றோர் கைபேசி எண். மற்ற 18-ஐயும் அன்றைக்கே அடித்தோம்.

நன்கொடையாளர்கள் கேட்பார்களே என்று பயமாக இருந்தது. பெரிய தொகை கொடுத்துவந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டேன். பிள்ளைகள் வருகிறார்களா, வாசிக்கிறார்களா, இரண்டும் தெரிந்தால் போதும் என்றார். நாங்கள் ஆறு வருடம் அனுப்பிய அறிக்கைகளை அவர் படிக்கவே இல்லை. கோபம் வரவில்லை, பிள்ளைகளுக்குப் போயிருக்க வேண்டிய அத்தனை சாயங்காலங்களை நினைத்துத் துக்கம்தான் வந்தது.

உங்கள் அலுவலகத்திடம் இதே கேள்வியை மரியாதையாகக் கேளுங்கள். சண்டையாகக் கேட்டால் 20 கட்டம் 22 ஆகிவிடும்.

எங்கள் செயலாளருக்கு 71 வயது. பதிவு, புதுப்பித்தல், வங்கி எல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. எழுதி வைக்கச் சொன்னால் தன்னை விலகச் சொல்வதாக நினைத்துக்கொள்வாரோ என்று தயக்கம்.
- வாசகர், காஞ்சிபுரம்

எழுதச் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்லுங்கள். ஒரு 80 பக்க நோட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். "சார், 80ஜி வாங்க அந்தக் காலத்தில் எப்படி அலைந்தீர்கள்?" என்று கேட்டாலே போதும். எங்கள் பெரியவர் நான்கு சனிக்கிழமை பேசினார், நான் எழுதினேன். முன் அட்டையில் அவர் பெயரைத்தான் போட்டோம். இன்றும் அலுவலகத்தில் அதை 'ஐயா நோட்டு' என்றுதான் சொல்கிறார்கள்.

அதில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, எந்தக் கைபேசி எண்ணுக்கு ஓடிபி போகிறது என்பது. வருமான வரித் தளம், வங்கி, தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளம் எல்லாவற்றிலும் எங்களுக்கு ஒரு பழைய டிரஸ்டியின் சொந்த எண் பதிவாகியிருந்தது. அவர் மகனைப் பார்க்க வெளிநாடு போன ஆறு மாதமும், ஒவ்வொரு ஓடிபிக்கும் அவருடைய நள்ளிரவில் எழுப்பினோம். திரும்பி வந்ததும் அறக்கட்டளைக்கென்று தனி சிம் கார்டும் 1,400 ரூபாய்க்கு ஒரு பட்டன் போனும் வாங்கி, எல்லா எண்களையும் மாற்றினோம். அந்தப் போன் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில் பீரோவுக்குள் இருக்கும், சாவி பொருளாளரிடம்.

இரண்டாம் பக்கத்தில் தேதிகள். 80ஜி பதிவு ஐந்து வருடத்துக்கு. காலாவதியாவதற்கு ஆறு மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் புதுக் காலண்டர் மாட்டும்போது, நோட்டைப் பார்த்து இந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுவோம். வட்டமிடுவது ஐயாவின் வேலை. இப்போது அவருக்கு 78 வயது. இந்த ஜனவரியிலும் சிவப்புப் பேனாவோடு வந்திருந்தார்.