சாப்பாட்டு இடைவேளையும் தராமல், செய்த வேலைக்குச் சம்பளமும் தராமல் இழுத்தடிக்கும் கடை முதலாளியிடம் என்ன செய்வது?

துணிக்கடையில் வேலை, மதியச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம், வேலையை விடுகிறேன் என்றதும் ஒன்றரை மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டு ‘மாற்று ஆள் கொடுத்தால்தான் கணக்கு முடிப்போம்’ என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘மாற்று ஆள்’ என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் சொல்லாத மீதியையும் நானே ஊகித்துக்கொள்கிறேன்: சொந்த ஊர் தென் மாவட்டம், தங்குவது கடையின் விடுதியில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மேலாளர் அறை பீரோவில். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரடிப் பதில் சிறியது. முதலாளியின் மனத்தை மாற்றப் பார்க்காதீர்கள். அவருக்கு நியாயம் தெரியாமல் இல்லை. பாக்கியை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தொழிலாளர் துறையில் எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் கேட்கும் வரை நீங்கள் அவருக்கு நச்சரிக்கும் பெண் அல்லது பையன். தாளில் கேட்டபிறகுதான் நீங்கள் பாக்கி வர வேண்டியவர். இது சட்டப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல, என் பணத்தை வாங்கியபோது தெரிந்துகொண்டது.

நான் தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதே பொருத்தம். காலை ஒன்பதேகாலுக்குக் கைரேகை வைக்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். இரவு எப்போது முடியும் என்பது கடைசி வாடிக்கையாளரின் மனநிலையைப் பொறுத்தது. தீபாவளி மாதத்தில் பதினொரு மணிக்கு விடுதி திரும்பி, அதற்கு மேல் குளித்து, துணி துவைத்துப் படுத்திருக்கிறோம். அலமாரியில் சாய்ந்தால் அபராதம், கைபேசி எடுத்தால் அபராதம், பக்கத்தில் நிற்பவளிடம் பேசினால் அபராதம். கேமரா எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. திருடனைப் பிடிக்க வைத்தது என்று சொன்னார்கள்.

சாப்பாடு மொட்டை மாடியில், பந்தி கணக்கில். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும் என்பதால் படியேறிப் போய், வரிசையில் நின்று, தட்டை வாங்கி, விழுங்கி, கழுவி வைத்துவிட்டு இறங்க மொத்தம் இருபது நிமிடம். இரண்டாம் பந்தியில் மாட்டினால் குழம்பில் தண்ணீர்தான் மிச்சம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது கழிப்பறை. எங்கள் தளத்துப் பெண்கள் எல்லோருக்குமாக ஒரே ஒரு டோக்கன். ஒரு மரத்துண்டு, அதில் தளத்தின் எண். அது சூப்பர்வைசர் மேசையில் தொங்கும். அவனுக்கு என்னைவிட வயது குறைவு. மாதவிலக்கு நாளில் அவன் முன்னால் போய்க் கை நீட்டி, ‘இப்போதுதானே போனாய்’ என்ற பேச்சைக் கேட்டுவிட்டு அதை வாங்க வேண்டும். இதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். சிறுநீர்த் தொற்று வந்து இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால் மருத்துவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்.

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கேரளத்தில் இது 2018இலேயே வந்துவிட்டது. அங்கேயும் சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளியும் அவர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பும் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் வருடக்கணக்கில் போராடியதன் பலன் அது. எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வந்தன. வந்த வாரமே அவற்றில் வாடிக்கையாளர்களின் குழந்தைகளை உட்கார வைத்தார்கள். ஆய்வுக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்தால் மட்டும் ‘எல்லோரும் ஒரு நிமிடம் உட்காருங்கள்’ என்பார் மேலாளர்.

‘அப்படியானால் அன்றே விட்டிருக்க வேண்டியதுதானே’ என்று கீழே எழுத ஒருவர் தயாராக இருப்பார். ஐயா, எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதிதான் வங்கிக்கு வந்தது. இன்னொரு பகுதி ‘கணக்கில் நிற்கும்’. கோவில் கொடைக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவோம், பெண் பிள்ளைகள் கையில் காசு இருந்தால் செலவாகிவிடும் என்று எங்கள் பெற்றோரிடமே சொல்லி, அவர்களையும் தலையாட்ட வைத்திருந்தார்கள். நம் பணம் அவர்கள் கையில் இருக்கும் வரை நாம் எங்கே போக முடியும்? அதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

2022 தீபாவளி முடிந்ததும், பொங்கலோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். மேலாளர் கோபப்படவில்லை. ‘போம்மா, நல்லபடியாகப் போ. உன் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போ’ என்றார். எங்கள் தெருவில் அந்த வருடம் ப்ளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா இல்லாத குடும்பம். அவள் அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியோடு அனுப்பிவிடுவார். அவளை அந்த டோக்கன் மேசைக்கு முன்னால் நிறுத்தினால் என் பணம் என் கைக்கு வந்துவிடும். நான் சொல்லவில்லை. இதில் பெரிய தியாகம் எதுவும் இல்லை, அவள் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்க முடியாது, அவ்வளவுதான். என்னை அங்கே சேர்த்துவிட்ட உறவினர் அதன் பிறகும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆக, கடைசி இரண்டு மாதச் சம்பளமும், கணக்கில் நின்றதும், மதிப்பெண் பட்டியலும் அங்கேயே இருக்க, வெறுங்கையோடு ஊருக்குக் கிளம்பினேன். அந்த நேரத்தில் ஆம்னி பஸ்காரன் கேட்ட கட்டணம் இருக்கிறதே! சாதாரண நாளில் கேட்பதைப் போல மூன்று மடங்கு. ஒவ்வொரு பண்டிகைக்கும் கூடுதல் கட்டணம் வாங்கினால் நடவடிக்கை என்று அறிக்கை வரும், ஒவ்வொரு பண்டிகைக்கும் அதே கட்டணம்தான். சென்னையில் உழைக்கும் பாதிப் பேர் வருடத்தில் இரண்டு முறை ஊருக்குப் போகிறார்கள், அந்த இரண்டு முறையும் பிடுங்குகிறார்கள். கோயம்பேட்டில் அன்று பஸ் மேற்கூரையில் சேலைக் கட்டு ஏற்றியதற்குக்கூடத் தனிக் காசு. சரி, அது வேறு கேள்வி, யாராவது கேட்டால் அங்கே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்த மாதம் எவ்வளவு பாக்கி, என்னென்ன பிடித்தம், என் மதிப்பெண் பட்டியல் உங்களிடம் இருக்கிறது, இத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்று ஒரே பக்கம். அழுகை இல்லை, சாபம் இல்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். (இப்போது பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். எதுவானாலும் ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள்.) பதில் வரவில்லை. வராது என்று தெரியும். அந்த அட்டை திரும்பி வந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்து தொழிலாளர் துறையில் புகார்.

விசாரணைக்கு மேலாளர் சம்பளச் சீட்டுக் கட்டோடு வந்தார். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது. வெற்றுச் சீட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி முன்கூட்டியே எல்லோரிடமும் வாங்கிவைப்பது அங்கே வழக்கம், போடாமல் அங்கே யாரும் வேலை பார்த்ததில்லை. இடைவேளை பற்றி அதிகாரி கேட்டபோது, ‘ஒரு மணி நேரம் விடுகிறோம் சார்’ என்றார் கொஞ்சமும் கூசாமல். எங்கள் தளத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எங்கள் சூப்பர்வைசரே எழுதியிருந்தான்: ‘சாப்பாட்டுக்குப் போனவர்கள் இருபது நிமிடத்தில் கீழே வரவும். தாமதமானால் நூறு ரூபாய்.’ இப்படி எத்தனையோ செய்திகள், தேதியோடும் நேரத்தோடும். யார் யாருக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியலையும் அவனேதான் வாராவாரம் போட்டுக்கொண்டிருந்தான், எங்களை அவமானப்படுத்த. கைபேசியை மேசைமேல் வைத்தேன். அதிகாரி படித்துவிட்டு மேலாளரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைத் தேடினார்.

அதோடு என்னிடம் ஒரு பாக்கெட் நோட்டும் இருந்தது. தம்பிக்குப் பணம் அனுப்புவதால் வரவு செலவு எழுதும் பழக்கம். எந்த நாள் எத்தனை மணிக்கு விட்டார்கள், எவ்வளவு பிடித்தார்கள் என்பதும் அதிலேயே இருந்தது. வங்கிப் புத்தகத்தில் கடையின் பெயரில் விழுந்த சம்பளமும் இ.எஸ்.ஐ. எண்ணும் நான் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி. பணம் வந்தது. சம்பளமும் கணக்கில் நின்றதும் முழுவதும், அபராதத்தில் பாதி. கூடுதல் நேரத்துக்கான ஊதியம் வரவில்லை. அதற்காக மேலும் போராடியிருக்கலாம் என்பார்கள். எனக்குத் தையல் இயந்திரம் வாங்க வேண்டியிருந்தது, பணம் அப்போது தேவைப்பட்டது.

உங்களுக்கு நிலைமை என்னைவிடக் கொஞ்சம் மேல். மத்திய அரசின் ஊதியச் சட்டத் தொகுப்பு (Code on Wages) 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீக்கினாலும் நீங்களே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியை முடிக்க வேண்டும் என்கிறது அது. மாற்று ஆள் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பணம் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு, உங்களுடையது அல்ல. கோரிக்கை வைக்க மூன்று வருடம் அவகாசம். பாக்கியோடு அதைப்போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. பத்து மடங்கும் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஆனால் புகாரில் கேட்டு வையுங்கள். அபராதம் ஒரு மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகக் கூடாது, அதையும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே போட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது: அப்படிப் பிடிக்கும் அபராதத்தை ஊழியர் நலனுக்காக மட்டுமே செலவழிக்க வேண்டுமாம். எங்கள் கடையில் அந்தப் பணத்தில் ஒரு கழிப்பறையே கட்டியிருக்கலாம்.

இடைவேளையைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் ஒரு மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் இரட்டிப்பு ஊதியம். இது 1947ஆம் வருடச் சட்டம். நம் அம்மாக்கள் பிறப்பதற்கு முன்பே நமக்குச் சாப்பாட்டு நேரம் ஒதுக்கிவிட்டார்கள். போன இடைவேளையைத் திருப்பி வாங்க முடியாது. ஆனால் புகாரில் அதையும் சேர்த்து எழுதுங்கள். சம்பளத்தை மட்டும் எழுதினால் ‘கணக்கில் சிறு குழப்பம்’ என்று முடித்துவிடுவார்கள். இடைவேளை, அபராதம், இருக்கை எல்லாம் இருந்தால் ஆய்வுக்கு வர வேண்டியிருக்கும், அதற்கு அவர்கள் பயப்படுவார்கள்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல் வேண்டுமென்றால் காசு கொடுக்காமலேயே கிடைப்பார்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். எல்லா முதலாளியும் இப்படி இல்லை என்பதும் தெரியும், அதைச் சொல்லக் கீழே வரிசையில் வர வேண்டாம். ‘சோறு போட்டு இடம் கொடுத்தவருக்கு இதுவா நன்றி’ என்று கேட்பவர்களுக்கு மட்டும்: அந்தச் சோற்றுக்கும் விடுதிக்கும் மாதாமாதம் பிடித்தம் போட்டிருந்தார்கள். காசு கொடுத்துச் சாப்பிட்ட ஓட்டலுக்கு நீங்கள் வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்வதுண்டா?

வேலையில் இருக்கும்போதே வாட்ஸ்அப் செய்திகளைப் படமெடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். குழுவிலிருந்து நீக்கிவிட்டால் பழையதெல்லாம் இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலை ‘வங்கிக் கணக்குக்கு வேண்டும்’ என்று இப்போதே கேட்டு வாங்க முடிகிறதா பாருங்கள். ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற தாளில், பணம் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தி வரும் முன் கையெழுத்துப் போட வேண்டாம், யார் அவசரப்படுத்தினாலும். எந்த மாவட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. சொன்னால், உங்கள் பகுதிக்கான தொழிலாளர் துறை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து எழுதுகிறேன்.