நடந்தால் கெண்டைக்கால் வலி: உடனே டாப்ளர் பாருங்கள்

அண்ணனுக்கு 38 வயது, தினமும் ஒரு கட்டு பீடி, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது, பெருவிரல் நுனியும் கறுத்திருக்கிறது என்கிறீர்கள். சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். புகையால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் இப்படித்தான் வலிக்கும்; இந்த வயதில் பர்ஜர் நோயாகவும் (புகையிலையால் கை, கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி அடைபடும் நோய்) இருக்கலாம். நாளைக்கே ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டி டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம், ரத்தம் ஓடாத தோல் சட்டென்று வெந்து புண்ணாகிவிடும்.

அப்புறம் பீடி. பாதியாகக் குறைக்கிறேன் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். பர்ஜரில் நாளுக்கு ஒன்றிரண்டு பிடித்தாலே நோய் முற்றி விரலை எடுக்கும் நிலை வரலாம். அடியோடு நிறுத்த உதவிக்கு 1800-11-2356, இலவச எண்தான்.