பிற நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்துவதைப் பதிப்புரிமைச் சட்டம் எப்படித் தடுக்கிறது, அதில் எதைத் திருத்த வேண்டும்?

அச்சுப்பொறியின் டோனர் கார்ட்ரிட்ஜில் உள்ள சிறு சில்லு, பொறியுடன் ஒரு கணக்கீட்டை ஒப்பிட்டுக்கொள்கிறது. விடை பொருந்தாவிட்டால் பொறி அச்சிட மறுத்துவிடும். இந்த ஒப்பீடும் நிரலைக் காக்கும் ஒரு மின்னணுப் பூட்டே என்று வாதிட்டு, பூட்டை மீறுவதைத் தடைசெய்யும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், மாற்றுச் சில்லு தயாரித்த ஸ்டேட்டிக் கன்ட்ரோல் நிறுவனத்தின் மீது அச்சுப்பொறி நிறுவனமான லெக்ஸ்மார்க் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் விதித்த தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் நீக்கியது. எனினும், ஆண்டுக்கணக்கில் வழக்காட வசதியில்லாத சிறு தயாரிப்பாளர் அதற்கு முன்பே பின்வாங்கிவிடுவார் என்பதுதான் உண்மையான பாதிப்பு.

இணைந்து இயங்குவதற்காக நிரலைப் பகுத்தாராய அச்சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆனால் அதன் நிபந்தனைகள் மிகக் குறுகியவை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படும் தனி விலக்குகளோ பூட்டைத் திறக்க அனுமதிக்கின்றனவே தவிர, திறக்கும் கருவியைத் தயாரித்துப் பிறருக்கு விற்க அனுமதிப்பதில்லை. நிரல் எழுதத் தெரியாத பயனருக்கு இத்தகைய உரிமையால் என்ன பயன்? முதலில் திருத்த வேண்டியது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பியச் சமூகம் கணினி நிரல்களுக்கென 1991இல் பிறப்பித்த உத்தரவு, இணைப்புக்குத் தேவையான அளவு நிரலைப் பிரித்தறியும் உரிமையை ஒப்பந்தத்தாலும் பறிக்க முடியாது என்றது; 2009இல் அதற்குப் பதிலாக வந்த உத்தரவிலும் இது தொடர்கிறது. இந்த விதியைப் பூட்டுகளுக்கும் விரிவாக்கி, படைப்பு திருடப்படாத இடத்தில் பூட்டுத் திறப்பு மட்டும் குற்றமாகாது எனச் சட்டம் வெளிப்படையாகக் கூற வேண்டும்.